ஒரே மூளை, ஏழு கணக்கு

அமெரிக்காவில் 45 வயது ஆண் ஒருவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளி. நரம்பிழைகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரித்தெடுக்கும் நோய் அது. மூளைக்குள் ஆங்காங்கே வெள்ளைத் தழும்புகளாக ஸ்கேனில் தெரியும். அவருக்கு நோய் கட்டுக்குள் இருந்தது. புதுத் தழும்பு எதுவும் முளைக்காத காலம். அந்த மனிதரை ஏழு ஆய்வு மையங்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஏழு இடத்திலும் சீமென்ஸ் நிறுவனத்தின் எந்திரங்கள்தான். எல்லாமே 3 டெஸ்லா. எப்படி எடுப்பது, எந்த அமைப்பில் எடுப்பது என்று முன்பே கூடிப் பேசி ஒரே நெறிமுறையை வகுத்திருந்தார்கள்.

மூளை ஒன்று, எந்திரம் செய்த நிறுவனம் ஒன்று, செய்முறை ஒன்று. ஏழு மையங்களின் கணக்கும் ஒத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை. மூளையின் சாம்பல் பகுதி எவ்வளவு, தழும்புகளின் மொத்த அளவு எவ்வளவு என்று கணினி அளந்து சொன்னபோது, ஒரே மையத்தில் எடுத்த இரண்டு ஸ்கேன்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன. மையம் மாறியதும் எண் மாறியது. தற்செயலான தடுமாற்றமாக இருந்தால் இங்கும் அங்கும் சிதறியிருக்கும். இதுவோ மையத்துக்கு மையம் ஒழுங்காகவே விலகியிருந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ரஸல் ஷினோஹாரா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாளர். இந்த அத்தியாயத்தில் அவர் மீண்டும் வருவார்.

இவ்வளவு ஒருமித்துச் செய்தும் எங்கிருந்து வருகிறது இந்த வேறுபாடு?

எம்ஆர்ஐ படத்தைப் பார்க்கிற எவருக்கும் அது ஒரு புகைப்படம் போலத் தோன்றும். கறுப்பு, வெள்ளை, நடுவே சாம்பலின் பல அளவுகள். ஆனால் அந்தச் சாம்பலுக்கு அலகு கிடையாது. சி.டி. ஸ்கேனில் உண்டு: தண்ணீர் என்றால் 0, காற்று என்றால் கழித்தல் 1000, சென்னையில் எடுத்தாலும் சிகாகோவில் எடுத்தாலும் அதுதான் அளவுகோல். வழக்கமான எம்ஆர்ஐ படத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு 412 என்றால், அந்த 412க்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. பக்கத்துப் புள்ளியைவிட அது வெளிறியதா, கறுத்ததா என்பது மட்டுமே செய்தி. மருத்துவருக்கு அது போதும். கட்டி இருக்கிறதா, இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதைப் பார்க்க ஒப்பீடே தேவை. ஆயிரம் பேரின் மூளையை எண்ணாக மாற்றி ஒரே பட்டியலில் அடுக்க விரும்பும் ஆய்வாளருக்குத்தான் சிக்கல்.

எந்திரத்துக்குள் நடப்பது இது. வலுவான காந்தப்புலத்தில் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தள்ளாடிச் சுழல்கின்றன. ஒரு டெஸ்லாவுக்கு நொடிக்கு சுமார் 4.26 கோடி முறை. வானொலி அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடும் மெல்லிய சமிக்ஞையைத் தலையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்கள் பிடிக்கின்றன. திரும்புவதற்கு ஆகும் நேரம் திசுவுக்குத் திசு வேறுபடும். அதனால்தான் படமே உருவாகிறது. அந்த நேரம் காந்தப்புலத்தின் வலிமையையும் பொறுத்தது. 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் போனால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள நிற வேறுபாடே மாறிவிடும். ‘3 டெஸ்லா’ என்று பெயர்ப்பலகையில் இருப்பதும் தோராயம்தான். சீமென்ஸின் 3 டெஸ்லா எந்திரங்கள் பலவற்றில் உண்மையான புலம் 2.89 டெஸ்லா. அங்கே ஹைட்ரஜன் நொடிக்கு 12.3 கோடி முறை தள்ளாடும்; முழு 3 டெஸ்லா எந்திரத்தில் 12.8 கோடி. நோயாளிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. மில்லிமீட்டரில் ஒரு பங்கைத் தேடுகிற கணினி நிரலுக்கு ஆகும்.

தலையில் மாட்டும் சுருளில் 20 வாங்கிகள் இருக்கலாம், 32 இருக்கலாம், 64 இருக்கலாம். இடத்தைக் குறிக்க உதவும் துணைக் காந்தப்புலங்கள் ஓரங்களில் நேர்கோட்டிலிருந்து விலகும். அங்கே மூளை சற்று நீண்டோ குறுகியோ தெரியும். அதைச் சரிசெய்யும் மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் எழுதியிருக்கிறது. ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு அதே எந்திரமே வேறு எந்திரம்போல நடந்துகொள்ளும். இத்தனையும் சேர்ந்துதான் மையத்துக்கு மையம் எண் விலகுகிறது.

விலகல் சிறியதுதானே, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். தேடும் பொருளும் சிறியது என்பதே தொல்லை. மூளைப் புறணியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். படத்தின் ஒரு கனசதுரப் புள்ளி பொதுவாக 1 மில்லிமீட்டர். மனநோய்களில் புறணித் தடிமன் மாறுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் பேசுவது அந்தப் புள்ளியின் சிறு பின்னத்தைப் பற்றி. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி, அல்சைமர் நோயாளிகளில் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் சுருங்குகிறது. நலமாக முதுமையடைவோரில் 1 முதல் 1.5 சதவீதம். நடுவில் இருக்கும் இடைவெளி மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். நடுவழியில் ஸ்கேனரை மாற்றினால் அந்த இடைவெளி காணாமல் போகலாம், அல்லது இல்லாத இடத்தில் முளைக்கலாம்.

ஆட்டிசம் ஆய்வில் இதன் வேகத்தை உணர்ந்தார்கள். யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011இல், ஆட்டிசம் உள்ள 40 பேரையும் இல்லாத 40 பேரையும் மூளை இணைப்புகளை வைத்தே 79 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டியது. பரபரப்பான முடிவு. அடுத்த ஆண்டு, 17 மையங்கள் தங்கள் தரவுகளைச் சேர்த்து ‘அபைட்’ என்ற பொதுக் களஞ்சியத்தைத் திறந்தன. 1,112 பேரின் ஸ்கேன், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதே யூட்டா குழுவினர் அதிலிருந்து 16 மையங்களின் 964 பேரை எடுத்து முயன்றபோது கிடைத்தது 60 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். ஆள் எண்ணிக்கை பன்னிரண்டு மடங்கானதும் திறன் கூடவில்லை, சரிந்தது. முழுப் பழியையும் ஸ்கேனர் மேல் போட முடியாது. மையத்துக்கு மையம் வந்த ஆட்களும் வேறு, வயதும் வேறு. இருந்தும் அந்த 2013 ஆய்வுக்குப் பிறகு ஒற்றை மையத்தின் பெருமிதமான சதவீதங்களைத் துறைக்குள் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவற்றைத் துறைக்கு வெளியே இன்னும் தலைப்புச் செய்தியாக்குகிறார்கள்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பென் கிளாக்கர் குழு 2019இல் இதைத் திருப்பிக் கேட்டது. இரண்டு ஆய்வுகளிலிருந்து தலா 296 பேர். வயதும் பாலினமும் பொருத்தமாக அமைந்தவர்கள். நடைமுறையில் உள்ள எல்லாத் திருத்தங்களையும் படங்களுக்குச் செய்தாயிற்று. பிறகு கணினியிடம், இந்த மூளை எந்த ஆய்விலிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார்கள். மிக எளிதாகச் சொல்லிவிட்டது. நோயைக் கண்டுபிடிக்கத் திணறுகிற நிரல், ஸ்கேனரைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரனாக இருக்கிறது. நோயாளிகள் ஒரு ஸ்கேனரிலும் நலமானவர்கள் இன்னொன்றிலும் எடுக்கப்பட்டிருந்தால், அது எதைப் பார்த்து ‘நோய்’ என்று சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதை முளையிலேயே கிள்ள முயன்றவர்கள் உண்டு. 2004இல் வட அமெரிக்காவில் ‘ஆட்னி’ என்ற அல்சைமர் ஆய்வு தொடங்கியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட மையங்கள்; மூன்று நிறுவனங்களின் எந்திரங்கள். அவர்கள் ஒரு செயற்கைத் தலையைச் செய்தார்கள். மனிதத் தலையளவு உருண்டை. அதனுள் காப்பர் சல்பேட் கரைசல் நிரப்பிய 165 சிறு உருண்டைகள், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். இந்தப் பொம்மையை ஸ்கேன் செய்து, உருண்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் எந்திரம் எங்கே இழுக்கிறது, எங்கே சுருக்குகிறது என்று புலப்படும். வடிவப் பிழையைப் பிடிக்க அது நல்ல கருவி. ஆனால் அதற்குள் சாம்பல் பகுதியும் இல்லை, மடிப்புகளும் இல்லை, மூச்சுவிடும் மனிதரும் இல்லை. திசுக்களின் நிற வேறுபாட்டில் எந்திரங்கள் முரண்படுவதை அது சொல்லாது.

பிரிட்டனின் ‘யுகே பயோபாங்க்’ பணத்தால் தீர்த்தது. ஸ்டாக்போர்ட், நியூகாசில், ரெடிங், பிரிஸ்டல் என நான்கு மையங்கள், நான்கிலும் ஒரே மாதிரி எந்திரம். ஆய்வு முடியும்வரை பெரிய மேம்படுத்தல் எதுவும் செய்வதில்லை என்று உறுதியாக நின்றார்கள். 2025இல் ஒரு லட்சமாவது நபரை ஸ்கேன் செய்துவிட்டார்கள். பொறாமைப்படத் தக்க ஏற்பாடு. ஆனால் உலகத்தில் வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காதது. அரிய நோய்களைப் படிப்பவர்கள் ஊர் ஊராக இருக்கும் நோயாளிகளை அந்தந்த ஊர் எந்திரத்தில்தான் எடுத்தாக வேண்டும்.

ஆகவே கணக்கால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி வருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளலாம். ஒரு திருத்துநர் கறார். எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் குறைத்தே போடுவார். இன்னொருவர் கறாரும் இல்லை, தாராளமும் இல்லை, ஆனால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மோசமாக எழுதினாலும் 50க்கும் 60க்கும் நடுவிலேயே எல்லாரையும் நிறுத்திவிடுவார். முதலாமவரின் குறை இடப்பெயர்ச்சி, இரண்டாமவரின் குறை விரிவின் சுருக்கம். இரண்டையும் அளந்துவிட்டால் முதலாமவரின் தாள்களுக்கு ஐந்து கூட்டி, இரண்டாமவரின் மதிப்பெண்களை விரித்து, எல்லாரையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவரலாம்.

ஒருவர் எட்டுத் தாள் மட்டும் திருத்தியிருந்தால்? மூன்றாம் கேள்விக்கு அவர் கறாரா என்பதை எட்டுத் தாளை வைத்துச் சொன்னால் தவறிப்போகும். ஆனால் அவர் எல்லாக் கேள்விகளிலும் எப்படி நடந்துகொண்டார் என்பது கையில் இருக்கிறதே. மூன்றாம் கேள்விக்கான கணிப்பை அந்தப் பொதுப் போக்கின் பக்கம் சற்று இழுத்துவிட்டால் தவறு குறையும். திருத்துநரின் இடத்தில் ஸ்கேனரையும், கேள்விகளின் இடத்தில் மூளையின் பகுதிகளையும், தாள்களின் இடத்தில் ஆட்களையும் வைத்தால் அதுதான் ‘காம்பாட்’.

காம்பாட் மூளைக்காகப் பிறந்ததல்ல. இவான் ஜான்சன், செங் லி, ஏரியல் ராபினோவிச் மூவரும் 2007இல் மரபணுச் செயல்பாட்டுத் தரவுகளுக்காக எழுதியது. ஒரே ஆய்வகத்தில் திங்கட்கிழமை ஓட்டிய தொகுதியும் வியாழக்கிழமை ஓட்டிய தொகுதியும் ஒத்துப்போகாமல் மரபியலாளர்கள் அல்லாடிக்கொண்டிருந்த காலம். பத்தாண்டு கழித்து, ஷினோஹாராவின் குழுவில் இருந்த ழான்-ஃபிலிப் ஃபோர்ட்டான் அதை எடுத்து மூளைக்குப் பொருத்தினார்: 2017இல் நரம்பிழைப் பாதைகளின் அளவீடுகளுக்கு, 2018இல் புறணித் தடிமனுக்கு. ஸ்கேனரின் சாயல் குறைந்தது, வயதோடு மூளை மாறுவதன் சாயல் தெளிந்தது. இன்று பல மையத் தரவைத் தொடும் ஆய்வாளர்கள் முதலில் கையை நீட்டுவது இந்தப் பெட்டிக்குத்தான். நீண்டகால ஆய்வுகளுக்கு ஒன்று, பகுதிகளுக்கு இடையிலான உறவையும் திருத்த ஒன்று என்று அதற்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

எனக்கு இந்தப் பிரபலத்தில் ஒரு சங்கடம் உண்டு. திருத்தும் முகாமுக்கே திரும்புவோம். ஒரு பள்ளியின் தாள்கள் மொத்தமும் ஒரே திருத்துநரிடம் போயிருக்கின்றன. அந்தப் பள்ளியின் சராசரி குறைவு. பிள்ளைகள் சரியாகப் படிக்கவில்லையா, திருத்துநர் கறாரா? எந்தக் கணக்கும் இதற்குப் பதில் சொல்லாது. சொல்வதாகக் காட்டிக்கொள்ளும் கணக்கு, உண்மையில் நாம் கொடுத்த ஊகத்தை நமக்கே திருப்பித் தருகிறது.

மரபியலில் இது 2007இலேயே அம்பலமானது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் ஆசியருக்கும் இடையே மரபணுக்களில் கால்பங்குக்கும் மேல் வேறு அளவில் செயல்படுகின்றன என்று புகழ்பெற்ற இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. சில மாதங்களில் ஜோஷுவா ஏக்கியும் சகாக்களும் தேதிகளைப் பார்த்தார்கள். ஐரோப்பியரின் மாதிரிகளை ஆய்வகத்தில் ஓட்டியது பெரும்பாலும் 2003, 2004இல்; ஆசியரின் மாதிரிகளை 2005, 2006இல். ஓட்டிய ஆண்டைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு கரைந்துபோனது. அதனால் இரு இனத்தாரின் மரபணுச் செயல்பாட்டில் வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இனமும் ஆண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், அந்தத் தரவிலிருந்து இரண்டில் எதையுமே அறிய முடியாது. அவ்வளவுதான்.

இன்னொரு பொறி நுட்பமானது. ஸ்கேனர் வேறுபாட்டை நீக்கும்போது நோய் வேறுபாடு அடிபட்டுவிடக் கூடாது என்று, ‘யார் நோயாளி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு திருத்து’ என்று நிரலுக்குச் சொல்ல முடியும். நல்ல எண்ணம்தான். ஆனால் மையங்களில் நோயாளி விகிதம் சமமாக இல்லாவிட்டால், திருத்திய தரவில் நோய் வேறுபாடு இருப்பதைவிட உறுதியாகத் தோன்றும். நார்வேயின் நிகார்டும் சகாக்களும் 2016இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் தரவை வைத்தே ஒரு நிரலைப் பயிற்றுவித்து அதன் துல்லியத்தைச் சோதித்தால், தேர்வுக்கு முன் வினாத்தாள் கசிந்த கதைதான்.

‘எனிக்மா’ கூட்டமைப்பு இதையெல்லாம் பக்கவாட்டில் தாண்டிச் சென்றது. 2009இல் பால் தாம்ப்சனும் கூட்டாளிகளும் தொடங்கிய இந்த முயற்சியில், தொடக்கம் முதலே பெரும்பாலும் படங்கள் ஊர் மாறுவதில்லை. ஒவ்வொரு மையமும் தன் நோயாளிகளைத் தன் நலமானவர்களோடு தன் எந்திரத்திலேயே ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். இரு தரப்பும் ஒரே ஸ்கேனரில் இருந்ததால் அதன் விலகல் கழிபட்டுவிடும். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. பழைய, பகட்டில்லாத வழி. ஆனால் தனி மனிதரின் மூளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கூட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும்.

பிரிக்க முடியாததைப் பிரிக்க ஒரே நேர்மையான வழி, ஒரே ஆளை எல்லா எந்திரங்களிலும் படுக்கவைப்பது. ஜப்பானில் அதைச் செய்தார்கள். நலமான இளைஞர்கள் ஒன்பது பேர் 12 இடங்களுக்குப் பயணம் செய்தார்கள். ஒரே ஆளின் மூளை இரண்டு ஊர்களில் வேறாகத் தெரிந்தால் அது எந்திரத்தின் வேலை. அதைக் கழித்த பிறகும் இரண்டு ஊர்களின் ஆட்கள் வேறாகத் தெரிந்தால் அது ஆட்களின் வேறுபாடு. யமாஷிதாவும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட முடிவில் என்னை உறுத்திய வரி இது: மூளை இணைப்புகளில் ஸ்கேனரால் வரும் விலகலும், எந்த ஊரில் எப்படிப்பட்ட ஆட்கள் வந்தார்கள் என்பதால் வரும் விலகலும், மனநோயால் வரும் மாற்றத்துக்குச் சமமாக அல்லது அதைவிடப் பெரிதாக இருந்தன. பயணிகளின் உதவியோடு அவர்கள் ஸ்கேனர் விலகலை 29 சதவீதம் குறைத்தார்கள். 29தான், 100 அல்ல. அந்த எண்ணை மறைக்காமல் போட்டதற்காகவே அந்தக் கட்டுரை மேல் எனக்கு மதிப்பு. இந்த வழிக்கும் எல்லை உண்டு: கழற்றி வீசப்பட்ட பழைய எந்திரத்துக்கு யாரையும் அனுப்ப முடியாது.

கனடாவிலிருந்து 2019இல் வெளியான ‘சைமன்’ தரவுத்தொகுப்பு இதையே இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனது. நலமான ஒரே ஆண், 15 ஆண்டுகளுக்கும் மேலாக, 36 ஸ்கேனர்களில், 73 முறை படுத்திருக்கிறார். அந்தப் படங்கள் இன்று புதுச் சரிப்படுத்தும் முறை எதையும் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் உரைகல்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்க்காதா என்பவர்களுக்கு, ஓரளவு தீர்க்கும். ஒரு ஸ்கேனரின் படத்தை இன்னொரு ஸ்கேனரில் எடுத்ததுபோல மாற்றி வரையும் வலைப்பின்னல்கள் வந்துவிட்டன, பார்த்தால் அசந்துபோவோம். 2018இல் ஜோசப் பால் கோஹனும் சகாக்களும் மான்ட்ரியலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வகை எம்ஆர்ஐ படத்தை இன்னொரு வகையாக மாற்றும் வலைக்கு, மாற்றி வரைய வேண்டிய பக்கத்தில் நலமான மூளைகளை மட்டும் காட்டிப் பழக்கினார்கள். கட்டி உள்ள மூளையைக் கொடுத்தபோது அது கட்டியைத் துடைத்துவிட்டு அழகான மூளையை வரைந்து தந்தது. கட்டி உள்ள மூளைகளையே காட்டிப் பழக்கியபோது இல்லாத கட்டியைச் சேர்த்தது. திருத்துகிறேன் என்று நோயையே திருத்திவிடும் கருவியை மருத்துவமனைக்குள் விடலாமா என்பது இன்னும் தீராத வழக்கு.

2022 ஏப்ரலில் வெளியான மூளை வளர்ச்சி வரைபடம் இவை எல்லாவற்றின் விளைச்சல். குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் அங்கன்வாடியில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டையை மூளைக்குப் போட்டதுதான் அது. ரிச்சர்ட் பெத்லஹேம், ஜேக்கப் சைட்லிட்ஸ் முதலியோர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளிலிருந்து 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டினார்கள். கருவறைக் குழந்தை முதல் நூறு வயதுவரை. ஒவ்வொரு ஆய்வின் இடப்பெயர்ச்சியையும் விரிவையும் தனித்தனியே கணித்துத்தான் அந்த வளைகோடுகளை வரைய முடிந்தது. தரவில் பெரும்பகுதி ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். இன்றைய நிலையில் தனி நோயாளியை அளக்க இது தயாராக இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். புதிதாக ஒரு மையம் தன் ஆட்களை இதில் வைத்துப் பார்க்க விரும்பினால், அந்த மையத்தின் எந்திரம் எவ்வளவு விலகுகிறது என்பதை முதலில் கணிக்க வேண்டும். அதற்கு அங்கேயே எடுத்த சுமார் நூறு ஸ்கேன்களாவது தேவைப்படும்.

உங்கள் ஊர் ஸ்கேன் மையம் ஒன்று ‘மூளையின் வயது’ என்றோ ‘மூளை வளர்ச்சிச் சதவீதம்’ என்றோ அறிக்கை தர முன்வந்தால், இந்த எந்திரத்தில் எடுத்த நலமானவர்களின் ஸ்கேன் எத்தனை வைத்து இதைச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை சொல்லத் தெரியாதவர்களிடம் அந்த அறிக்கைக்குப் பணம் கட்ட வேண்டாம்.